ஜெசி டீச்சரின் வலதுகைக் கையுறை

போன வாரம் ஒரு காலை, திருப்பரங்குன்றம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. திரையில் ஆல்பர்ட் அண்ணன் பெயர், ஜெசி டீச்சரின் கணவர். நான் எடுக்கவில்லை. வெகுநாளாகவே அந்தப் பெயரைத் திரையில் பார்த்தால் கெட்ட செய்தியோ என்று பயப்படுவேன். அடித்து ஓய்ந்தது. "போனை எடும்மா, என்ன அவசரமோ என்னமோ" என்றார் கீரைக்கார அம்மா. மறுபடி அடித்தபோது எடுத்தேன்.

"தங்கச்சி, ஜெசி போயிட்டாம்மா. தூக்கத்துலயே போயிட்டா. கஷ்டப்படல."

"இந்தா வாரேண்ணே" என்றேன். சொல்லிவிட்டுக் கீரைக்கட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. பயந்துகொண்டிருந்த செய்தி வந்துசேர்ந்த பிறகும் பயம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கீரைக்கட்டின் வாழைநார் அவிழ்ந்து கீழே விழுந்தது.

ஜெசிந்தா டீச்சரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நம் மிஷன் பள்ளியில் விலங்கியல் நடத்தியவர். ஆசிரியர் அறையில் ஜன்னலோர மேசை அவருடையது, அதற்கடுத்த தமிழாசிரியை மேசை என்னுடையது. எங்களுக்கு ஏறக்குறைய ஒரே வயது, வீடும் வில்லாபுரத்தில் பக்கத்துப் பக்கத்துத் தெரு. இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் அவரைத் துணிச்சல்காரர் என்றார்கள். அதை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் பார்த்த மனிதர்களில் அவ்வளவு பயந்தவர் வேறு யாரும் இல்லை. நாய்க்குப் பயம், லாரிக்குப் பயம், மேம்பாலத்தில் வீசும் காற்றுக்குப் பயம். ஆனால் பயத்தை ஒளித்துவைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, வகுப்பில் பாடம் சொல்வதுபோலச் சொல்வார்: "டீச்சர், எனக்கு இப்பப் பயமா இருக்கு. சொல்லிட்டேன். இனிப் போவோம்."

இரண்டு பேருக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றதால்தான் சைக்கிளை எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மாதா கோவில் உண்டு, அதனால் சனிக்கிழமை விடிந்ததும் கிளம்புவோம். அவனியாபுரம் வழியாகத் திருப்பரங்குன்றம் போய் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். ஆரம்ப நாட்களிலேயே ஒருநாள், பூட்டிக் கிடந்த கறிக்கடைப் பக்கமிருந்து நாய்கள் எழுந்து எங்களைத் துரத்தின. டீச்சரின் சைக்கிள் சரளைக்கல்லில் சறுக்கியது. விழுந்தவர் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றிவிட்டார். நாய்கள், ஆள் விழுந்ததும் குழம்பிப்போய் நின்றன. அவர் எழுந்து உட்கார்ந்து கைகளை விரித்துக் காட்டினார். தோல் உரிந்து, சதைக்குள் பொடிக்கல் ஏறியிருந்தது. அந்த வாரம் முழுவதும் அவரால் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. வகுப்பில் வாயால் சொல்ல, பிள்ளைகள் கரும்பலகையில் படம் வரைந்தார்கள்.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் முதல் ஜோடிக் கையுறை. விரல் நுனிகள் வெளியே தெரிகிற, சைக்கிளுக்கென்றே செய்த கையுறை. ரயில் நிலையம் பக்கத்துக் கடையில் கையை விட்டுப் பார்த்தபோது தலையணைபோல் இருந்தது. எனக்கும் அதே மாதிரி ஒரு ஜோடி வாங்கினோம். அந்தச் சனிக்கிழமை உற்சாகத்தில் திருமங்கலம் வரை போய்விட்டோம். ஊரைத் தொடும் முன்பே டீச்சர் சைக்கிளை நிறுத்தினார். முகம் வெளிறியிருந்தது.

"சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போச்சு டீச்சர்."

"கையை உதறுங்க, சரியாயிரும்."

"இடது கை டீச்சர். இடது கை."

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்ததும் என் இடது கையும் மரத்ததுபோல் இருந்தது. பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து, அவர் மார்பில் கை வைத்து ஜெபம் சொல்ல, நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். பிறகு ஒரு ஷேர் ஆட்டோவில் அவரை ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோனேன். இதயத்துக்கு ஒன்றும் இல்லை. மருத்துவர் கையுறையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள மேட்டுக்குள் ஒரு நரம்பு போகிறதாம். உடம்புப் பாரத்தை அந்த இடத்தில் ஹேண்டில்பாரில் சாய்த்துவைத்தால் நரம்பு நசுங்கும், கையுறைப் பஞ்சு அளவுக்கு மீறித் தடித்திருந்தால் அதுவே கட்டிபோல் அழுத்தும் என்றார். வெளியே வந்ததும் டீச்சர் படியில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து, "வாங்க, வேற கிளவுஸ் பாப்போம்" என்றார்.

நம் பள்ளிச் சைக்கிள் குழுவில் பாதிப் பேர் அவர் பேச்சைக் கேட்டுத்தான் கையுறை வாங்கியிருக்கிறீர்கள். அவர் எப்படி வாங்கினார் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைக்காரரிடம் ஒரு சைக்கிளை நடுவில் நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு ஜோடியாகப் போட்டு ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்தார். கையை விரித்தால் சரியாக இருந்தது, மூடினால் உள்ளங்கையில் சுருக்கம் விழுந்து மடிந்தது. அதை ஒதுக்கினார். இன்னொன்று இறுக்கிப் பிடித்தபோது கட்டைவிரல் கவட்டையில் தையல் அறுத்தது. அதையும் ஒதுக்கினார். மெல்லிய பஞ்சு, அதுவும் அந்த நரம்பு மேட்டை விட்டு இருபுறமும் இருக்கிற மாதிரி வேண்டும் என்றார். வேர்வை துடைக்கக் கட்டைவிரலில் டவல் துணி, நம் ஊர் வெயிலுக்குப் புறங்கைப் பக்கம் வலைத்துணி, கழற்றும்போது விரலோடு உரிந்து வராமல் இருக்கப் பிடித்து இழுக்கச் சின்னக் காதுகள். பிறகு உள்புறத்தைத் திருப்பி விரல்களுக்கு இடையே இரட்டைத் தையல் ஓடியிருக்கிறதா என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "டீச்சர், கல்யாணப் பட்டுக்குக்கூட இம்புட்டு நேரம் பாக்க மாட்டாக" என்றார் கடைக்காரர். "பட்டு என்னைக் கீழ விழாமக் காப்பாத்தாதே தம்பி" என்றார் இவர். கடைசியில் ஒரு கறுப்பு ஜோடி அகப்பட்டது. இரண்டு கைக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. அன்று அவர் சொன்னதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்: "கடையில மெத்துமெத்துன்னு இருக்குறது ரோட்டுல குத்தும்."

அந்தக் கையுறையோடுதான் டி. கல்லுப்பட்டி வரை போனோம். கரிசல் காட்டில் பருத்தி வெடித்துக் கிடந்த காலம். வைக்கோல் லாரிகள் உரசுவதுபோல் கடந்தன. ஒவ்வொரு லாரிக்கும் டீச்சர் "ஏசுவே" என்றார், நான் "முருகா" என்றேன். கல்லுப்பட்டியில் டீ குடிக்க இறங்கியதும் அவர் பத்து விரல்களையும் என் முகத்துக்கு முன்னால் பியானோ வாசிப்பதுபோல் ஆட்டிக் காட்டினார். ஒரு விரல்கூட மரக்கவில்லை. வழி முழுக்கப் பயந்துகொண்டே வந்த பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். திரும்பிப் போக வேண்டுமே என்ற நினைப்பு வந்ததும் மறுபடி பயந்தார்.

அதற்குப் பிந்திய வருஷம், மழைக்காலம் முடிந்த ஒரு சனிக்கிழமை. மேம்பாலத்தின் இறக்கத்தில் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "டீச்சர், பிரேக்! பிரேக்!" என்று கத்தல். என்னை ஒட்டி அவர் சைக்கிள் பாய்ந்துபோனது. இறக்கத்தின் அடியில் ஒரு டவுன்பஸ் ஆளை ஏற்றிக்கொண்டு நின்றது. காலைத் தரையில் தேய்த்து, தடுப்புச் சுவரில் உரசி, பஸ்ஸின் பின்பக்கத்தைத் தொடாத குறையாக விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்காலில் ரத்தம். உள்ளங்கைகளுக்கு ஒன்றுமில்லை, கையுறை தாங்கிக்கொண்டது.

"பிரேக் புடிக்கல டீச்சர். அமுக்குனேன், புடிக்கல."

அன்றே சைக்கிளைக் கடையில் விட்டோம். பிரேக் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர் நம்பாமல் புதுக் கேபிள் போடச் சொன்னார். அடுத்த சில வாரங்களில் கையுறையைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார். வலது கையுறை தொளதொளவென்று ஆகிவிட்டது, ஓட்டும்போது சுற்றிக்கொள்கிறது, ஒட்டுப்பட்டையைக் கடைசிவரை இழுத்து ஒட்டினாலும் நிற்கவில்லை. "நல்ல தையல்னு நம்பி வாங்குனேன், துணி இழுவி ஏமாத்திருச்சு" என்று வருத்தப்பட்டார். இடது கையுறை மட்டும் ஏன் இழுவவில்லை என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மறுபடி அதே கடைக்குப் போனோம். கடைக்காரர் பழையதை வாங்கி இழுத்துப் பார்த்தார், தையலைப் பார்த்தார். "இதுக்கு ஒண்ணுமில்லையே டீச்சர்" என்றபடி அதே மாதிரி, அதே அளவில் புது ஜோடி ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். டீச்சர் இடது கையில் போட்டார். கச்சிதமாக உட்கார்ந்தது. வலது கையில் போட்டார். புதுக் கையுறை, அட்டை ஒட்டியிருந்த கையுறை, தொளதொளவென்று நின்றது.

கடைக்காரர் சிரித்தார். "கிளவுஸ் சரியாத்தான் இருக்கு டீச்சர். ஒங்க கைதான் எளச்சுப்போச்சு போல!"

அவர் விளையாட்டாகச் சொன்னார். டீச்சர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றினார். இரண்டு கைகளையும் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடாக இருக்க வேண்டிய சதை வற்றி, அங்கே ஒரு குழி இருந்தது. முதுகெலும்புள்ள பிராணிகளின் உடற்கூற்றை வருஷாவருஷம் நடத்தியவர் அவர். அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது என்ன என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது.

"டீச்சர்" என்றார். வழக்கமான வாக்கியத்தைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

நரம்பியல் மருத்துவரிடம் ஆல்பர்ட் அண்ணனும் நானும் கூடப் போனோம். கையில் ஊசி குத்திச் சோதித்தார்கள். சட்டைக் கையைச் சுருட்டியபோது அவர் மேற்கையின் தோலுக்கடியில் மீன்குஞ்சு துள்ளுவதுபோல் சதை தானாகத் துடித்ததை அன்றுதான் பார்த்தேன். மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்லி வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"நாக்குலயும் துடிக்குதா டாக்டர்?" என்று டீச்சர் கேட்டார்.

மருத்துவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதத்திலேயே ஆல்பர்ட் அண்ணனுக்கும் புரிந்துவிட்டது. தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. நிறுத்த மருந்து கிடையாது, கொஞ்சம் தாமதப்படுத்தலாம். அன்று திருமங்கலத்தில் விரல் மரத்ததுதான் தொடக்கமா, அந்தக் கையுறையால் வந்ததா என்று அண்ணன் கேட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அது வெறும் அழுத்தம், இந்த நோயில் மரத்துப்போகாது என்றார் மருத்துவர். அண்ணன் திரும்பத் திரும்ப அதையே கேட்டார். கையுறைமேல் பழியைப் போட முடிந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். சைக்கிள் போனது, சாக்பீஸ் போனது, பிறகு படிக்கட்டு, பிறகு கட்டில். நான் சனிக்கிழமைகளில் தனியாகப் போய்வந்து அவரிடம் வழியைச் சொல்லுவேன். எங்கே ரோடு தோண்டிப்போட்டிருக்கிறான், கண்மாயில் தண்ணீர் வந்துவிட்டதா, நாய்கள் துரத்தினவா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பேச்சு குழறத் தொடங்கிய பிறகு அண்ணன் அதைத் திருப்பிச் சொல்லுவார்.

இந்த நாட்களில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் என் கைகளைக் கண்டு பயந்தேன். ரவிக்கைக் கொக்கி மாட்ட ஒரு கணம் கூடினால் பயம். மாவு பிசையும்போது வலது கை சீக்கிரம் ஓய்கிறதோ என்று பயம். ஆசிரியர் அறையில் யாரும் பார்க்காதபோது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். இந்த நோய் தொற்றாது என்று படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் அப்படித்தான். என் கையுறை நைந்து விரலிடுக்கில் பிய்ந்துபோயிருந்தது. புதிது வாங்கப் போகவில்லை. புதுசைப் போட்டு, அதில் ஒன்று தொளதொளவென்று இருந்தால்?

ஒரு சனிக்கிழமை அப்படியே கையுறையோடு அவர் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் அதைப் பார்த்தார். அப்போது கொஞ்சம் பேச்சு இருந்தது.

"பிஞ்சிருச்சு. ஏன் மாத்தல?"

சமாளிக்கப் பார்த்தேன். அவரிடம் முடியவில்லை. "பயமா இருக்கு டீச்சர்" என்றேன்.

ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி, அண்ணன் இடையிடையே எடுத்துக்கொடுக்க, சொன்னார்: "போய்ப் போட்டுப் பாருங்க. லூசா இருந்தா வந்து சொல்லுங்க. ரெண்டு பேருமாப் பயப்படுவோம். டைட்டா இருந்தா, அதையும் வந்து சொல்லணும். எனக்கு வருத்தமா இருக்கும்னு சொல்லாம இருந்துறாதீங்க."

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் "அந்த டீச்சர் எப்படி இருக்காக?" என்று கேட்டார். சொன்னேன். அன்று தான் சிரித்தது நினைவு வந்திருக்க வேண்டும், அவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு கையுறையையும் மேசைமேல் வைத்துவிட்டு விலகிப் போனார். இடது கையில் போட்டேன். வலது கையுறையை எடுத்துக் கீழே வைத்தேன், மறுபடி எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரல்களை உள்ளே விட்டேன். இறுக்கமாக இருந்தது. கட்டைவிரல் கவட்டையில் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைவாசல் படியில் உட்கார்ந்து, நடமாட்டத்துக்கு நடுவே, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

போய்ச் சொன்னேன். "ரெண்டும் டைட்டு டீச்சர்." அவர் கண்ணை மூடித் திறந்தார். அந்த முகத்தில் நிம்மதி இருந்தது, வருத்தமும் இருந்தது, இரண்டையும் அவர் ஒளிக்கவில்லை.

அதற்குப் பிந்திய மாதங்களில் அவரைப் பார்க்க வந்தவர்கள் கட்டிலிலிருந்து ஓர் எட்டுத் தள்ளியே நின்றார்கள். நம் பள்ளியிலிருந்தும் வந்தீர்கள், பூவும் பழமும் கொண்டுவந்தீர்கள். அவருடைய கைகள் போர்வைமேல் வெறும் எலும்பாகக் கிடந்தன. தொட்டால் வலிக்குமோ என்று பயந்தீர்கள். உணர்ச்சியே இருக்காது என்றும் சிலர் நினைத்தீர்கள். நானும் தொட்டதில்லை. ஒருநாள் நான் எழுந்து, "போயிட்டு வாரேன் டீச்சர்" என்றபோது அவர் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. அண்ணன் காதைக் கொடுத்துக் கேட்டார். கேட்டவரின் தோள் குலுங்கியது.

"என்னண்ணே?"

"அசையாதே தவிர, தொட்டாத் தெரியுமாம் தங்கச்சி. யாருமே தொட மாட்டேங்கிறாகளாம்."

அந்த வற்றிய கையைத் தொட எனக்கு அவ்வளவு பயம். உட்கார்ந்து, அதை என் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துவைத்துக்கொண்டேன். அதில் அத்தனை சூடு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் விரல்களால் திருப்பி அழுத்த முடியாது. கண்கள் மட்டும் என்மேல் இருந்தன. சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனவுடன் முதலில் கையைத்தான் எடுத்துக்கொள்வேன், ரோட்டுக் கதை அதற்குப் பிறகுதான். கடைசிச் சனிக்கிழமையும் அப்படியே.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள், பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். முன்பெல்லாம் வாசற்படியிலேயே நின்று நலம் கேட்டுவிட்டு வந்துவிடுவேன். அன்று உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்து, அசையாத அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதும் பயமாகத்தான் இருந்தது. ஜெசி டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது இதுதான்: பயந்துகொண்டே கையை நீட்டுவது. பெரியம்மா என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடித் தூங்கிப்போனார். நான் கையை எடுக்கவில்லை.